பாதி விலை ஆனோடு கம்பியும் சான்றிதழில் விடுபட்ட மூன்று வரிகளும்

எங்கள் வீட்டுக் கீசருக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பி, தொட்டி துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தானே கரைந்து தீரும் பொருள் என்பதால், அதை மாற்ற வேண்டி வந்தபோது நான் வருந்தவில்லை. கீசரோடு வந்த கம்பி மூன்று ஆண்டுகள் உழைத்தது. பிறகு ஓர் உதிரிபாகக் கடையில் பாதி விலைக்கு இரண்டு கம்பிகள் வாங்கினேன். மாட்டிய ஒன்று நான்கே மாதத்தில், நடுவிலுள்ள எஃகுக் கம்பியை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுத் தீர்ந்துபோனது.

“உங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம் சார்” என்றார் கடைக்காரர். அதே தண்ணீரில்தானே பழையது மூன்று ஆண்டுகள் நின்றது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

மாட்டாமல் வைத்திருந்த கம்பியில் ஒரு துண்டு வெட்டி, பழைய கம்பியின் மிச்சத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் தனித்தனியாக உப்புநீரில் போட்டேன். பழையதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழிகள் எழுந்தன. புதியதோ சோடா உடைத்ததுபோல் பொங்கி, மாலைக்குள் கறுத்துக் குழிவிழுந்தது. உலோகத்தில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்குப் புதியதைக் கொடுத்ததில் இரும்பு 0.04 சதவீதம் என்று வந்தது. தூய மெக்னீசியத்தில் இரும்பு சுமார் 0.017 சதவீதத்தைத் தாண்டினால் அரிப்பு திடீரென ஏறிவிடும் என்பது 1942இலேயே அமெரிக்காவில் வெளியான ஆய்வின் முடிவு. நிக்கலுக்கு அந்த வரம்பு இன்னும் கடுமையானது. பத்து லட்சத்தில் ஐந்து பங்கே அதிகம்.

இரும்பு மெக்னீசியத்தில் அநேகமாகக் கரைவதில்லை. உலோகம் உறையும்போது நுண்துகள்களாகத் தனித்து நின்று, தண்ணீர் பட்டதும் ஒவ்வொரு துகளும் ஹைட்ரஜன் கிளம்பும் இடமாகிச் சுற்றியுள்ள மெக்னீசியத்தைத் தின்கிறது. தொட்டியைக் காக்க வேண்டிய கம்பி தன் வயிற்றுக்குள் இருக்கும் இரும்புக்காகவே கரைந்துபோகிறது. உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் இரும்பின் பெரும்பகுதி அதனுடன் சேர்ந்து அடியில் படிந்துவிடும். பழைய இரும்புப் பாத்திரத்தில் கழிவு உலோகத்தை அளவுக்கு மீறிய சூட்டில் உருக்குபவர்கள் அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை.

கம்பியின் உலோகக் கலவையைப் பற்றிக் கடைக்காரர் கொடுத்த சான்றிதழை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். அலுமினியம், துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் இரண்டு தசமம் வரை இருந்தன; இரும்பு, நிக்கல், செம்பு ஆகியவற்றுக்கு வரியே இல்லை. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். வாங்குபவர்கள் அந்த மூன்று எண்களையும் எழுத்தில் கேளுங்கள். புதுக் கம்பி மாட்டிய சில வாரங்களிலேயே வெந்நீர்க் குழாய் காற்றோடு திக்கித் திக்கி வந்தால், அது ஹைட்ரஜனாக இருக்கக்கூடும் என்பதால், அருகில் தீக்குச்சி கிழிக்காமல் குழாயைத் திறந்துவிட்டு, கம்பியைக் கழற்றிப் பாருங்கள்.