பத்து வருஷக் கடவுச்சீட்டும் விசா அனுபவங்களும்

2015 மார்ச்சில் எடுத்த என் கடவுச்சீட்டு 2025 மார்ச்சில் காலாவதியானது. அந்தப் பத்து வருஷத்தில் இந்தியாவுக்கு மூன்று தடவை, பிரான்சுக்கு ஒரு தடவை, சிங்கப்பூருக்கு ஒரு தடவை போய் வந்தேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்ப்பவளுக்கு இதுவே பெரிய விஷயம். நம் தோட்டப்புறங்களில் இருந்து முதல் தடவையாக வெளிநாடு கிளம்புகிறவர்கள் இப்போது நிறைய, அவர்களுக்கு விசா விஷயத்தைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இருப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பயணம் அம்மாவோடு. பெரியம்மா, தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி - சிறிமா ஒப்பந்தத்தில் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர், இப்போது திருச்சிப் பக்கம் இருக்கிறார். அக்காவைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டபோது நான் இந்திய விசா விதிகளைத்தான் தேடத் தொடங்கினேன், ஆனால் சிக்கல் விசாவில் இல்லை, எங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், திருமணப் பதிவில் இன்னொன்று. தோட்டத்தில் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியிருக்கிறார், அதை அடுத்தவர் ஆங்கிலத்தில் தன் இஷ்டப்படி மாற்றியிருக்கிறார். பிரதேச செயலகம், சமாதான நீதவான், சத்தியக்கடதாசி என்று இரண்டு மாதம் அதிலேயே போனது. கடவுச்சீட்டில் எந்த ஆங்கில எழுத்து விழுகிறதோ அதுதான் விசாவிலும் டிக்கெட்டிலும் விழ வேண்டும், ஒரு எழுத்துப் பிசகினாலும் விமான நிலையத்தில் நிற்க வேண்டி வரும். ஆகவே வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், எந்த நாடு என்று முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டிலுள்ள எல்லாருடைய பத்திரங்களையும் இன்றைக்கே எடுத்து ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள்.

அடுத்தது விண்ணப்பம். உங்கள் குடியுரிமை பிறப்பால் வந்ததா, பிறகு பெற்றதா என்று இந்திய இணைய விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. பெற்றோர் எங்கே பிறந்தார்கள், முன்பு எந்த நாட்டவர் என்பதையும் கேட்கும். மற்றவர்களுக்கு இது ஒரு நொடி வேலை, நமக்கு அப்படியில்லை. நம் பெற்றோரில் பலர் வருஷக்கணக்கில் எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாமல் இருந்துவிட்டு, 1988 சட்டத்திலோ 2003 சட்டத்திலோ பிரஜாவுரிமை பெற்றவர்கள். கொம்யூனிகேஷன் கடைத் தம்பி அம்மாவிடம் கேட்காமலே “பிறப்பால்” என்று தட்டிவிட்டான். நான் நிறுத்தச் சொல்லி, வீட்டுக்குப் போய் அம்மாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழை எடுத்து வந்து அதில் உள்ளபடி நிரப்பினேன். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஹட்டன் பஸ் நிலையத்தைக் கடந்து நடந்தது இன்னும் மறக்கவில்லை.

அதே தம்பி இன்னொன்றும் சொன்னான். “அங்க போய் எறங்குனா அங்கயே விசா குத்தித் தருவாங்க அக்கா.” அவனைக் குறை சொல்ல முடியாது. 2015 ஏப்ரல் 14 முதல் இலங்கையருக்கு அந்த வசதி வந்தபோது “வருகையின்போது விசா” என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் குறைந்தது நான்கு நாளுக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்து, பணம் கட்டி, அனுமதி வந்த பிறகுதான் விமானம் ஏறலாம், அங்கே இறங்கியதும் விழுவது முத்திரை மட்டும். அப்புறம் இன்னொரு விஷயம், அந்த விசாவில் எல்லா விமான நிலையத்திலும் இறங்க முடியாது. அப்போது ஒன்பதே நிலையங்கள், அதில் திருச்சி இல்லை. நாங்களோ திருச்சிக்கு டிக்கெட் போட இருந்தோம்! கடைசி நேரத்தில் கவனித்து ஜூனில் சென்னையில் இறங்கி ரயிலில் போனோம். அந்த ஆகஸ்ட் 15-ஆம் தேதியே திருச்சியும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. விதி இப்படி இரண்டு மாதத்தில் மாறும் என்பதால், போன வருஷம் போய் வந்தவர் சொல்வதை நான் இப்போது வழிகாட்டலாக எடுப்பதில்லை. டிக்கெட் போடும் நாளில் ஒரு தடவை, கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை அந்த நாட்டு அரசாங்கத் தளத்திலேயே பார்க்கிறேன். இந்தியத் தளத்தின் முகவரி “ஜிஓவி டொட் இன்” என்று முடியும், அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் ஏராளம். இணையம் சரிவராதவர்களுக்குக் கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது, கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. நான் பார்த்தவற்றில் நம் மக்களுக்கு மிகச் சுலபம் இந்திய விசாதான், காகிதங்கள் ஒத்துப்போனால்.

2019-இல் தங்கச்சியைப் பார்க்க பாரிஸ் போனது வேறு மாதிரியான அனுபவம். பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, வீட்டில் தங்க வைப்பதாக அவள் அங்கே தன் நகரசபையில் ஒரு சான்று வாங்கி அனுப்ப வேண்டும், வெறும் அழைப்புக் கடிதம் செல்லாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும், சிங்களப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். ஊரில் எல்லாரும் சொன்ன யோசனை, கடன் வாங்கியாவது கணக்கில் ஐந்து லட்சம் போட்டுக் காட்டு என்பது. நான் அதைச் செய்யவில்லை. ஆறு மாதச் சம்பளம் விழுந்த கணக்கு, ஊழியர் சேமலாப நிதிக் கூற்று, எந்தத் தேதியில் திரும்பி வேலைக்கு வருவேன் என்று நிறுவனம் எழுதிய கடிதம், இவ்வளவுதான் வைத்தேன், கிடைத்தது. திடீரென்று வந்து விழுந்த பணத்தைவிட மாதாமாதம் வரும் சின்னச் சம்பளம் நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து. அப்போது கட்டணம் 60 யூரோ, இப்போது 90, மறுத்தாலும் திரும்பி வராது.

விசா கைக்கு வந்ததும் தங்கச்சி ஒரே சந்தோஷம். அதில் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 6 வரை என்றிருந்தது, “அக்கா, அஞ்சு வாரம் இருக்கலாம்” என்றாள். பக்கத்திலேயே 21 நாள் என்றும் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. முதலில் உள்ளது எந்தத் தேதிகளுக்குள் போய் வரலாம் என்பது, தங்கக்கூடியது 21 நாள் மட்டும், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. நான் இருபதாம் நாள் கிளம்பிவிட்டேன்.

இடைத்தங்கல் விஷயத்தில் நான் மாட்டவில்லை, பதுளையில் உள்ள என் தோழி மாட்டினாள். 2022-இல் லண்டன் விசா எடுத்தாகிவிட்டது, பாரிஸ் வழியாக மலிவான டிக்கெட் என்று ஒரு முகவர் போட்டுக்கொடுத்தார். ஷெங்கன் நாடுகளில் விமானம் மாற, நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும், இலங்கையருக்குத் தனி விசா வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை லண்டன் விசாவே அதற்குப் போதும், விலகிய பிறகு போதாது. கட்டுநாயக்கவில் அவளை ஏற்றவில்லை, இரவோடிரவாக அழுதுகொண்டே பதுளைக்குத் திரும்பி வந்தாள், டிக்கெட் பணமும் போனது. போகும் நாட்டைப் போலவே கடந்து போகும் நாட்டையும் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை, எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டாம், போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை இலவசமாக நிரப்பினால் போதும். பாலத்தைத் தாண்டினால் ஜொகூர், அது மலேசியா, அதற்கு விசா வேண்டும். ஒரு பகல் ஷொப்பிங்தானே என்று கிளம்ப முடியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பெண்பிள்ளைகளை “விசிட் விசா போதும், அங்க போய் மாத்திக்கலாம்” என்று வளைகுடாவுக்குக் கூட்டிப் போகிறார்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்யும் உரிமை கிடையாது, சம்பளம் வராவிட்டாலும் அடித்தாலும் புகார் சொல்லப் போகிற இடத்தில் நீங்கள்தான் குற்றவாளி ஆவீர்கள். வேலைக்கென்றால் வேலை விசா, கையெழுத்திட்ட ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு, இந்த மூன்றும் கையில் இல்லாமல் பிள்ளையை பஸ் ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

கடவுச்சீட்டுக்குப் பத்து வருஷம் என்றாலும், பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் கேட்பதால் கணக்கில் ஒன்பதரைதான். 2024-இல் நாடு முழுக்கப் புதிய கடவுச்சீட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்த ஆறு மாதக் கணக்கு எத்தனையோ பேரின் பயணத்தைக் கெடுத்தது. எனக்கும் அம்மாவுக்கும் அடுத்த வருஷம்தான் புதியது கிடைத்தது. பழையதில் இருந்த அதே ஆங்கில எழுத்துகள்தானா என்று வாங்கிய இடத்திலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், சரியாக இருந்தது. அம்மா மறுபடி பெரியம்மாவிடம் போக வேண்டும் என்கிறார். இந்தத் தடவை திருச்சியிலேயே இறங்கலாம். விசா அனுமதியை அச்செடுத்துக் கையில் வைத்த பிறகுதான் டிக்கெட்.