சென்னை முதலைப் பண்ணை: குழந்தைகளோடு அவசியம் போய் வாருங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் நூற்றுக்கணக்கான முதலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, இதுவும் ஒரு மிருகக்காட்சிசாலைதானே என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் இதைத் தொடங்கியபோது, தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி நம் ஊர் சதுப்புநில முதலையே அழியும் நிலையில் இருந்தது. இங்கே முட்டைகளைப் பொரிக்கவைத்து வளர்த்த குட்டிகள் பல மாநிலங்களுக்குப் போயின.

அந்த முட்டை விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கூட்டின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. சதுப்புநில முதலையில் 31 டிகிரி வரை பெண், 32.5 அளவில் ஆண். மண்ணுக்குள் இப்படி ஒரு கணக்கு!

அப்புறம் கரியால் என்ற முதலை வகை. மீன் பிடிப்பதற்கென்றே அமைந்த நீண்ட ஒல்லி மூக்கு, வளர்ந்த ஆணுக்கு அதன் நுனியில் பானை மாதிரி ஒரு புடைப்பு. இன்று மிகவும் ஆபத்தான நிலையில் இருக்கும் உயிர், அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

பண்ணைக்குள்ளேயே இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் பாம்பு விஷம் எடுப்பதையும் தவறவிடாதீர்கள். விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான் போகிறது, விஷம் எடுத்த பாம்புகளைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

காலையிலேயே போங்கள், தொப்பி வேண்டும். முதலை அசையவில்லை என்று கல்லெறிகிறவர்களைப் பார்த்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.