24 பிரேம் படத்தை டிவிடியாக்க: 25க்கு ஏற்றுவதா, புல்டவுனா?

நல்லூரடியில் நாங்கள் செக்கனுக்கு 24 பிரேமில் (தனித்தனிப் படங்களில்) எடுத்த குறும்படத்தை அம்மம்மாவுக்காக டிவிடியாக்கினபோது, கமரா பக்கவாட்டில் திரும்புகிற இடமெல்லாம் செக்கனுக்கு ஒருமுறை வெட்டி வெட்டி ஓடியது. மென்பொருள் 24ஐ 25 ஆக்க ஒவ்வொரு செக்கனும் ஒரு பிரேமை இரண்டுதரம் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு வழி இரண்டு. முதலாவது, பிரேம் எதையும் கூட்டாமல் அதே பிரேம்களை 25 வேகத்தில் ஓடவிட்டு, 576 வரி பால் (PAL, செக்கனுக்கு 25 பிரேம் காட்டும் இங்கத்தைய டிவி முறை) டிவிடியாகப் போடுவது. அசைவு எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் 100 நிமிடப் படம் 96 நிமிடமாகிவிடும், ஒலியையும் அதே அளவு வேகமாக்காவிட்டால் வாயசைவு தப்பும், வேகமாக்கினாலோ சுருதி ஏறக்குறைய 4 சதவீதம் ஏறும். பேச்சில் பெரிதாகத் தெரியாது. நாதஸ்வரத்தில் உடனே தெரிந்தது, எனக்குப் பொறுக்கவில்லை! சுருதி மாறாமல் நேரத்தை மட்டும் சுருக்கும் வசதியைப் பாவியுங்கள்.

மற்றது என்டிஎஸ்சி (NTSC, செக்கனுக்கு 29.97 பிரேம் காட்டும் வட அமெரிக்க டிவி முறை): 23.976இல் என்கோட் செய்து புல்டவுன் குறியை மட்டும் சேர்த்தால், பிளேயரே பீல்டுகளை (ஒரு பிரேமின் ஒன்றுவிட்ட வரிகள் மட்டும் உள்ள பாதிப்படங்களை) 3, 2 என்று மாற்றி மாற்றிக் காட்டி 29.97 ஆக்கும். நீளமும் சுருதியும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஆனால் வரி 480தான், மெதுவான திருப்பங்களில் சின்னத் தடுக்கலும் உண்டு. இந்தக் கூடுதல் பீல்டுகளைப் படத்திலேயே பதித்துவிடாதீர்கள், பிட்ரேட் (செக்கனுக்குச் செலவாகும் தரவளவு) வீண்.

இங்கே பார்க்க நான் பால்தான் போடுவேன். ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவுக்கு அனுப்பியது மட்டும் என்டிஎஸ்சி, அங்கத்தைய பிளேயர்களுக்கு அதுதான் சரி.