கம்பளை மாடி அச்சகம்: தேர்தல் துண்டுப்பிரசுரம் அச்சிடச் செல்வோருக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழி பீட மாணவர் ஒன்றியத் தேர்தலுக்கு நின்றபோது, துண்டுப்பிரசுரம் அச்சிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதன் பயனாகக் கம்பளையில், பேருந்து நிலையத்திலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில், ஒடுங்கிய படிக்கட்டில் ஏறிச் செல்ல வேண்டிய ஒரு சிறிய அச்சகத்துடன் இரண்டு வாரம் பழக நேர்ந்தது. பெயர்ப்பலகை மங்கிப் போயிருப்பதால் ஊரில் எவரும் அதைப் பெயரால் அறிவதில்லை. மாடியில் இருக்கும் அச்சகம் என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

நாங்கள் முதலில் சென்றது அங்கல்ல. கண்டி நகரில் குளிரூட்டப்பட்ட, பளபளப்பான ஒரு கடையில்தான் முதல் வேலையைக் கொடுத்தோம். சிங்களப் பகுதி அழகாக வந்திருந்தது. தமிழ்ப் பகுதியிலோ ‘கோருவோம்’ என்ற சொல்லின் இரட்டைக்கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி, நடுவில் புள்ளி வட்டங்கள் முளைத்திருந்தன. கைப்பேசியில் ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்த தமிழைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் அப்படியே ஒட்டினால் இதுதான் நடக்கும். நம் நாட்டு அச்சகங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் பாமினி எழுத்துருவுக்கு முறையாக மாற்றியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திராது. சுட்டிக்காட்டியபோது, “வாசிக்க விளங்குதுதானே” என்ற பதிலே கிடைத்தது. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்துடன் தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது என்பதை அந்தக் கவுண்டரில் நின்று விளக்கும் தெம்பு எனக்கு அன்று இருக்கவில்லை.

கம்பளை அச்சகத்தில் முதலில் என்னைக் கவர்ந்தது, அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரிப் பிரதியில் வேட்பாளர் கையொப்பமிடாமல் அவர்கள் இயந்திரத்தை ஓட்டுவதில்லை என்ற வழக்கம். இரண்டாவது விடயம்தான் இதை எழுதத் தூண்டியது. எங்கள் பிரசுரத்தில் இரண்டு கோரிக்கைகளுக்கு முதலிடம் கொடுத்திருந்தோம். 2025 ஏப்ரல் முதல் 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்ட மகாபொல என்ற மாணவர் உதவித்தொகை ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. ஹற்றன், பதுளை போன்ற இடங்களிலிருந்து ஞாயிறு மாலை வீட்டை விட்டுப் புறப்பட மனமில்லாமல், திங்கள் விடியற்காலையில் பேருந்து ஏறி வரும் மாணவர்களுக்காக அன்றைய முதல் விரிவுரையைப் பின்தள்ள வேண்டும் என்பது மற்றொன்று. இந்த விரிவுரை நேரத்தைத் தமிழில் ‘மாற்றக் கோருவோம்’ என்று எழுதியிருந்தோம். அவசரத்தில் நண்பரொருவர் செய்துதந்த சிங்கள மொழிபெயர்ப்பிலோ அது ‘மாற்றித் தருவோம்’ என்றாகியிருந்தது. இரு மொழியும் வாசிக்கத் தெரிந்த தட்டச்சாளர் பெண் அதைக் கண்டுபிடித்து முதலாளியிடம் காட்ட, அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: “மகள், தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குறுதி, சிங்களப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாக்குறுதியா?”

அந்தக் கேள்வி தோழியை உலுக்கிவிட்டது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் பீட மாணவர் ஒன்றியங்களுக்கு இடமளித்திருந்தாலும், விரிவுரை நேர அட்டவணையை ஒன்றியம் தீர்மானிப்பதில்லை. பீட நிர்வாகத்திடம் கோரலாம், விடாது கேட்கலாம், அவ்வளவுதான். சிங்கள வரி அப்படியே அச்சாகியிருந்தால், வென்ற மறுவாரமே ஏமாற்றுக்காரி என்ற பெயர் கிடைத்திருக்கும். பிழை திருத்துவதற்கு அச்சகம் மேலதிகக் கட்டணம் வாங்கவில்லை. தோழி அங்கேயே அமர்ந்து, நண்பருக்குத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு மொழிகளிலும் ஒரே கோரிக்கை வரும்வரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் திருத்தினாள். தேர்தல் பற்றி எங்கள் அறையில் நடந்த எந்த விவாதமும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ஏ5 அளவில் 600 பிரதிகளுக்கு, இருபக்க அச்சும் வெட்டுக்கூலியும் சேர்த்து 4,200 ரூபாய் கொடுத்தோம். கண்டிக் கடை கேட்டதை விட இது குறைவு. எழுத்துகள் தெளிவாக இருந்தன, மை கையில் ஒட்டவில்லை.

குறைகளும் உண்டு. வியாழன் தருவதாகச் சொன்னவர்கள் வெள்ளி மாலைதான் தந்தார்கள்; தேர்தல் வாரத்தில் ஒரு நாள் என்பது சிறிய இழப்பல்ல. கடைசிக் கட்டில் சுமார் ஐம்பது பிரதிகள் சரிவாக வெட்டப்பட்டிருந்தன. தாள் மெல்லியது, பேராதனை மழையில் நனைந்த பிரதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அட்டையில் பணம் வாங்குவதில்லை, பற்றுச்சீட்டையும் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். பிரசாரச் செலவுக்கு நண்பர்களிடம் சேர்த்த பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் மறக்காமல் கேட்டு வாங்கவும்.

பலரும் விசாரிப்பதால் சொல்கிறேன்: தோழி செயற்குழு உறுப்பினராகத் தெரிவானாள். அதில் அச்சகத்தின் பங்கு எவ்வளவு என்று அளக்க முடியாது. ஆனால் பிரசாரத்தின்போது சிங்கள மாணவியொருவர் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திங்கள் விரிவுரை பற்றிக் கேள்வி கேட்க, தமிழில் எழுதியதையே அவளால் சிங்களத்திலும் தடுமாறாமல் சொல்ல முடிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

செல்வதானால் பௌர்ணமி விடுமுறையான போயா நாளைத் தவிர்த்து, குறைந்தது நான்கு நாள் முன்னதாகச் செல்லுங்கள். ஹற்றன் பக்கமிருந்து கண்டிப் பேருந்தில் வருபவர்கள் வழியிலேயே கம்பளையில் இறங்கிக்கொள்ளலாம். வேட்பாளரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வேறொருவர் கையொப்பத்தை முதலாளி ஏற்பதில்லை.