மஸ்டாங்கா, ஆடி டி.டி.யா, ஆக்டேவியா வி.ஆர்.எஸ்.ஸா? குமரியிலிருந்து ஒரு விலைக் கணக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "என்ன விலைக்கு வாங்கலாம்?" என்றுதான். குமரி மாவட்டத்துக்காரர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: நாளைக்கு இதை நம்மிடமிருந்து யார் வாங்குவார்? ஸ்விஃப்டோ இன்னோவாவோ என்றால் அந்தக் கவலையே இல்லை. நாகர்கோவிலில் நாலு பேரிடம் சொல்லிவைத்தால் ஆள் வந்துவிடும். நானூறு குதிரைத்திறன் உள்ள இரண்டு கதவு வண்டிக்கு அப்படி வராது. மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் என்று ஊர் ஊராகக் கேட்டாலும் பார்த்து ரசிக்க ஆள் இருக்குமே தவிர, பணத்தோடு வருகிறவர் திருவனந்தபுரத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ கோவை, சென்னை, பெங்களூரிலிருந்தோதான் வருவார். ஆக, விற்கும் விலையை வெளியூர்ச் சந்தை தீர்மானிக்கிறது. பராமரிப்பு, உப்புக்காற்று, ரோடு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் எல்லாம் நம்மூர்ச் செலவு.

இந்தக் கண்ணோடு மூன்று வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., ஆடி டி.டி., ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. மூன்றும் ஒரே பட்ஜெட்டில் வராது, தெரியும். ஆனால் "ஒரு தடவையாவது ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கணும்" என்கிறவர் மனதில் இந்த மூன்றும் மாறி மாறி வந்து போகும்.

முதல் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஒரே குடும்பத்து எஞ்சின். 2015-ல் இங்கே வந்த டி.டி.யிலும் 2017-ல் வந்த வி.ஆர்.எஸ்.ஸிலும் 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பி.எஸ். (குதிரைத்திறன் மாதிரியான அளவு), ஆறு கியர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். டி.டி.க்கு நான்கு சக்கர இழுவை உண்டு, ஆக்டேவியாவுக்கு முன்சக்கரம் மட்டும். ஷோரூம் விலை? டி.டி. 60.34 லட்சம், வி.ஆர்.எஸ். 24.62 லட்சம். புதிதாக இருந்தபோது ஒன்றின் விலைக்கு மற்றது இரண்டு வாங்கிவிட்டு மிச்சமும் வைக்கலாம். பழசாகும்போது இந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகிறது. டி.டி.யின் முதல் ஓனர்தான் அந்தச் சரிவை முழுதாகச் சுமந்தவர். இரண்டாவது ஆளுக்கு அது லாபம் மாதிரித் தெரியும். "அறுபது லட்ச ரூபா வண்டி சார், பாதி விலைக்கும் கீழே" என்று புரோக்கர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்தச் சரிவு உங்களோடு நின்றுவிடும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

டி.டி.யின் தயாரிப்பு 2023 நவம்பரில் உலக அளவிலேயே நின்றுவிட்டது. இனி வராத வண்டி, அதனால் விலை ஏறும் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைகூட இல்லை. நின்றுபோன வண்டிக்கெல்லாம் விலை ஏறுவதில்லை. நின்றுபோன பிறகும் ஆட்கள் தேடுகிற வண்டிக்குத்தான் ஏறும். டி.டி.யின் பின்சீட்டில் பள்ளிப் பிள்ளையையே சுருட்டித்தான் உட்கார வைக்கணும். வீட்டில் இரண்டாவது கார் உள்ளவர்தான் வாங்குவார். உதிரிபாகத்துக்கு ஆடி விலை வேறு. எஞ்சின் சாமான் ஓரளவு பொதுவானது, சரி. ஆனால் கதவு, விளக்கு, மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கும் டிஜிட்டல் திரை எல்லாம் டி.டி.க்கு மட்டுமே உரியவை.

ஆக்டேவியாவின் கதை நேர்மாறு. ஐந்து பேர் உட்காரலாம், டிக்கியில் கல்யாண வீட்டுச் சாமான் வரைக்கும் போகும். வீட்டில் "இது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஃபேமிலி கார்" என்று சாதித்துவிடலாம். மறுவிற்பனை பிடித்து நிற்பதற்கு அதுவே பாதிக் காரணம். மீதிக் காரணம் பின்னால் வந்த விலைகள். 2020-ல் வந்த வி.ஆர்.எஸ். 245 முழு இறக்குமதி, 200 வண்டிதான், 35.99 லட்சம். 2025 அக்டோபரில் வந்த புதிய ஆக்டேவியா ஆர்.எஸ். 100 வண்டி, 49.99 லட்சம். அதே ஆண்டு மே மாதம் வந்த, ஃபோல்க்ஸ்வாகனின் கோல்ஃப் ஜி.டி.ஐ. 53 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம் என்பதால், கோல்ஃபுக்கு வரி மட்டுமே சுமார் பத்தரை லட்சம் ஆகும். இவ்வளவு கொடுக்க மனமில்லாதவர்கள் எல்லோரும் 2017 வண்டியின் பக்கம் திரும்புகிறார்கள். புதியது விலை ஏற ஏற, பழையதைத் தாங்கிப் பிடிக்க ஆள் கூடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, ஃபோல்க்ஸ்வாகன் போலோ ஜி.டி.ஐ. ஞாபகம் இருக்கிறதா? 2016 நவம்பரில் 25.99 லட்சத்துக்கு வந்தது. மறு ஆண்டே கம்பெனி விலையை 19.99 லட்சமாகக் குறைத்தது. முதலில் வாங்கியவர் வீட்டு கேட்டைத் தாண்டாமலே ஆறு லட்சத்தை இழந்தார். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறி, பெரிய கார்களுக்கு செஸ் என்ற கூடுதல் வரி போய் 40 சதவீதம் என்று ஆனபோதும் இதே கதைதான். புதியதன் விலை இறங்கியதும் பழையதைக் கேட்க வந்தவர்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். அதனால் எந்தப் பழைய வண்டிக்கும் விலை பேசும் முன், அதன் புதிய வாரிசு இன்றைக்கு என்ன விலை என்று பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஷோரூம் ரசீதை விற்பவர் காட்டுவார். அதற்கு இன்று பெரிய மதிப்பில்லை.

மஸ்டாங்குக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. 2016 ஜூலையில் 65 லட்சத்துக்கு வந்த 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 401 பி.எஸ். டர்போ இல்லை, இரட்டை கிளட்ச் இல்லை. சாதாரண ஆறு கியர் ஆட்டோமேட்டிக். 2020-ல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் விற்பனை நின்றது. 2021 செப்டம்பரில் ஃபோர்டே இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. கம்பெனி போனதும் ஈகோஸ்போர்ட், ஃபிகோ விலையெல்லாம் சரிந்தன. மஸ்டாங் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. அந்த விலைக்கு வி8 சத்தம் கேட்க இந்தியாவில் வேறு வண்டி இல்லையே! எஞ்சின் சாமான்கள் அமெரிக்காவில் தாராளமாகக் கிடைக்கின்றன. சுங்கவரி கட்டி, பொறுமையாகக் காத்திருந்தால் வந்து சேரும். வலதுபக்க ஸ்டியரிங் சார்ந்த சாமான்தான் தேடல்.

ஆனால் மஸ்டாங்குக்கு ஒரு கெடு இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். 2016 வண்டிக்கு 2031-ல் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். இறக்குமதி வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணமும் சாதாரணக் காரைவிடப் பல மடங்கு. கடன் கொடுக்கிற வங்கியும் கடன் முடியும்போது வண்டிக்கு என்ன வயசு என்று பார்க்கும். ஆக 2029-ல் நீங்கள் விற்கப் போனால் கடன் வாங்கி வருகிறவர்கள் விலகிவிடுவார்கள், ரொக்கக்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். ரொக்கக்காரர் பேரம் பேசினால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் கெடு டி.டி.க்கும் பொருந்தும். மூன்றில் இங்கே கடைசியாக வந்தது வி.ஆர்.எஸ்.தான்.

நம்பர் பிளேட்டில் ஒளிந்திருக்கும் விலை

நம்மூரில் விலையை மிகவும் குழப்புவது இதுதான். நம் மாவட்டத்து டி.என். 74, 75 பதிவில் இந்த வண்டிகள் கிடைப்பது அபூர்வம். பார்க்கப் போவது பெரும்பாலும் கே.எல்., அதாவது கேரள வண்டி, சில சமயம் பி.ஒய்., அதாவது புதுச்சேரி வண்டி. ஒரே வருஷம், ஒரே கிலோமீட்டர் ஓடிய மூன்று மஸ்டாங்குக்கு மூன்று விலை சொல்வார்கள். மூன்றும் சரியான விலையாகவே இருக்கலாம், வித்தியாசம் வரியில்.

2016-ல் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வரி 15 சதவீதம். 65 லட்சம் மஸ்டாங் என்றால் ஏறத்தாழ 9.75 லட்சம். டி.என். பிளேட் வண்டியின் விலைக்குள் அந்த வரியின் மீதி ஆயுளும் அடங்கியிருக்கிறது. புதுச்சேரியில் வரி மிகக் குறைவு என்பதால்தான் அங்கே போலி முகவரியில் சொகுசு கார் பதிந்த விவகாரம் 2017-ல் கேரளத்தில் பெரிதாக வெடித்து, பிரபலங்கள் மீதுகூட வழக்கு வந்தது. பி.ஒய். வண்டி சில லட்சம் மலிவாகக் கிடைத்தால், அந்தச் சில லட்சம் நீங்கள் நாளைக்கு இங்கே கட்டப் போகிற வரி. பிற மாநில வண்டிக்கு இங்கே வரி போடும்போது முதலில் விற்ற விலையையும் வயசையும் வைத்துத்தான் போடுவார்கள். நீங்கள் கொடுத்த விலையை வைத்து அல்ல. ஆகவே மலிவாக வாங்கிய மஸ்டாங்குக்கும் 65 லட்சத்தை அடிப்படையாக வைத்துத்தான் கணக்கு.

"எதுக்கு மாத்தணும் அண்ணே, பாறசாலையில மச்சான் பேர்ல இருக்கட்டும்" என்பார்கள். கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் சொந்தபந்தம் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. ஆசை வருவது இயல்புதான். ஆனால் ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். மச்சான் பேரில் வண்டி, உங்கள் கையில் சாவி, இன்ஷூரன்ஸ் யாருக்கு? விற்கிற நாளில் கையெழுத்துக்கு மச்சானைத் தேடுகிற வேலை வேறு.

கே.எல். வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கிடைத்த பிறகுதான் முழுப்பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். கடன் பாக்கி ரத்தானதற்கு வங்கிக் கடிதம் வேண்டும். அபராதப் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். 2023 ஜூனிலிருந்து கேரளத்தில் ஏ.ஐ. கேமராக்கள் படம் பிடிக்கின்றன. இந்த மாதிரி வண்டிகளுக்கு அந்தப் பட்டியல் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

துபாய், தோஹாவில் இருக்கும் தம்பிமார் "இங்கே மஸ்டாங் தண்ணி விலை, அனுப்பி விடவா?" என்பதும் நம்மூரில் அடிக்கடி வரும் பேச்சு. அங்கே ஓடுவது இடதுபக்க ஸ்டியரிங். இந்தியாவுக்குள் பழைய கார் கொண்டுவர வலதுபக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், மூன்று வயதைத் தாண்டக் கூடாது, அதற்கு மேல் சுங்கவரி. அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

தண்ணீரும் உப்பும்

கொச்சி வண்டி என்றால் "ஒரு டாக்டர் வச்சிருந்த வண்டி சார்" என்று கட்டாயம் சொல்வார்கள். கேரளத்தில் அத்தனை டாக்டர்கள் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினால் ஆஸ்பத்திரியில் யார் இருப்பது? டாக்டரா இல்லையா என்பதை விட, 2018 ஆகஸ்டில் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். பெரியாறு வெள்ளம் ஆலுவாவுக்குள் புகுந்த அந்த வாரத்தில் வி.ஆர்.எஸ். புத்தம் புதியது, டி.டி.யும் மஸ்டாங்கும் இரண்டு மூன்று வருஷ வண்டிகள். சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் வெள்ளம், டி.டி.க்கு 2015 டிசம்பர் வெள்ளமும். சர்வீஸ் ரெக்கார்டில் அந்த மாதங்களை ஒட்டி நீண்ட இடைவெளியோ பெரிய இன்ஷூரன்ஸ் கிளைமோ இருந்தால் சந்தேகப்படலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கறை இருக்கும். டிக்கிக்குக் கீழே ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற டி.டி. என்ன விலைக்கும் வேண்டாம். வயரிங் சரிசெய்ய ஆகும் செலவுக்கு இன்னொரு வண்டி வந்துவிடும்.

நாம் விற்கும்போது இதே சந்தேகம் நம் பக்கம் திரும்பும். பெங்களூர்க்காரர் குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கேட்டவுடனே வண்டிக்கு அடியில் டார்ச் அடிப்பார். இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனை. பிரேக் டிஸ்க், சைலன்சர் மாட்டும் கொக்கி, அடிப்பக்க போல்ட் எல்லாம் துரு காட்டும். மூடிய கேரேஜ், மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது, இரண்டும் இருந்தால் மறுவிற்பனையில் கண்கூடாகத் தெரியும்.

ரோடு விஷயத்தில் மஸ்டாங்குக்குத்தான் கஷ்டம். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் அந்த நீளமான மூக்கைக் காப்பாற்றிக்கொண்டு வருவதே ஒரு தவம். ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச்சாலையில் ஏறின பிறகுதான் அது மூச்சு விடும். ஆக்டேவியா இந்த ரோட்டையெல்லாம் பெரிதாகப் பொருட்படுத்தாது.

பேரத்தில் கழிக்க வேண்டியவை

இன்ஷூரன்ஸ் கம்பெனி போடும் ஐ.டி.வி., அதாவது வண்டிக்கு அவர்கள் வைக்கும் மதிப்பு, நான்கு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் ஷோரூம் விலையில் பாதியாகிவிடும். அதற்குப் பிறகு இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. வி.ஆர்.எஸ்.ஸில் இது முக்கியம். சந்தை விலை 20 லட்சம், பாலிசியில் 10 லட்சம் என்று இருந்தால், வண்டி முழுச்சேதமானால் மீதி 10 லட்சம் உங்கள் பையிலிருந்துதான். வாங்கும் முன்பே எவ்வளவு வரை ஏற்றுவார்கள் என்று கேட்டுவிடுங்கள். விற்பவரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருஷங்களுக்குத் தரும் தள்ளுபடி) வண்டியோடு வராது, அது ஆளுக்குரியது. ஆனால் அது எத்தனை சதவீதம் என்று பாலிசியில் பாருங்கள்: 50 என்றால் பல வருஷம் கிளைம் இல்லை, பூஜ்யம் என்றால் காரணம் கேட்கலாம்.

இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் செலவைக் கழியுங்கள். தெர்மோஸ்டாட் கூட்டில் கூலன்ட் கசிவு டி.டி., வி.ஆர்.எஸ். எஞ்சினின் தெரிந்த வியாதி. டயரில் கடைசி நான்கு எண் தயாரித்த வாரமும் வருஷமும். மீட்டர் 18,000 காட்டி டயர் மட்டும் இரண்டாவது செட் என்றால், ஒன்று மீட்டர் பொய், இல்லை வண்டி ரேஸ் ட்ராக் பார்த்திருக்கிறது. ரீமேப் செய்த (எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி சக்தி கூட்டிய) வி.ஆர்.எஸ்.ஸுக்கு விற்பவர் கூடுதல் கேட்பார். நான் குறைத்துத்தான் கேட்பேன். இன்னொருவர் முறுக்கிய எஞ்சினுக்கு நாம் ஏன் பிரீமியம் கொடுக்கணும்?

இதையெல்லாம் கழித்த பிறகும் எனக்கு வரிசை இப்படித்தான் வருகிறது. கடன் வாங்கி, மூன்று நான்கு வருஷம் ஓட்டி மாற்றுகிறவருக்கு ரீமேப் ஆகாத, பில்லோடு உள்ள வி.ஆர்.எஸ். 230. பணம் முடங்கினால் பரவாயில்லை என்கிறவருக்கு டி.என். பிளேட் மஸ்டாங், அதையும் 2028-க்குள் கைமாற்றிவிடுவது நல்லது. விற்க மனமே வராது என்பவர் கெடுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டி.டி.யை மறுவிற்பனையை நினைத்து வாங்க வேண்டாம். ஓட்டிப் பார்த்து மனசு விழுந்துவிட்டது என்றால் வாங்குங்கள், ஆனால் விலை பேசும்போது, விற்க ஆறு மாதம் ஆகும் என்ற கணக்கில் கூச்சப்படாமல் குறைத்துக் கேளுங்கள். விற்பவரும் அத்தனை மாதம் காத்திருந்து களைத்தவராகவே இருப்பார்.