வட சென்னையில் குடும்பப் படத்துக்கு மணல் தேடி

சென்னையில் கடற்கரையில் குடும்பப் படம் எடுக்க வேண்டும் என்றால் எல்லோரும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத்தான் வழி காட்டுகிறார்கள். நாங்கள் முதலில் விசாரித்த ஸ்டுடியோவும் அப்படித்தான். ஊஞ்சல், காகிதப்பூ வளைவு, உடை மாற்ற அறை என்று எல்லாம் அடங்கிய பேக்கேஜ் ஒன்றை நீட்டினார்கள். வட சென்னையில், எங்கள் தண்டையார்பேட்டைக்குப் பக்கத்தில் ஏதாவது இடம் இருக்கிறதா என்று கேட்டேன். "அங்கே என்ன சார் இருக்கிறது, வெறும் பாறாங்கல்" என்றார் மேசையில் இருந்தவர். அந்தப் பேச்சோடு அவர் கடையை விட்டு இறங்கிவிட்டேன்.

ரோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையான காரணம் ஆயா. எண்பதைத் தாண்டியவர், முட்டி மடங்காது. டொராண்டோவிலிருந்து நாங்கள் இந்த முறை வந்ததே அவரைக் கொள்ளுப்பேரப் பிள்ளைகளோடு உட்காரவைத்து ஒரு படம் எடுக்கத்தான். நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நெரிசலில் அழைத்துப்போனால் படத்தில் முட்டிவலிதான் விழும்.

பாறாங்கல் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இந்தக் கரையோரம் கடல் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பியதும் அந்த மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்தது. மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் உட்கார்ந்திருப்பது எங்கள் மணலில் என்று ஆயா இன்றைக்கும் வழக்குப் பேசுவார். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றக் கொட்டிய கற்கள்தான் எண்ணூர் விரைவுச்சாலை நெடுகத் தெரிகின்றன. தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள், கட்டிய இடங்களில் மட்டும் நடுநடுவே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. அந்தத் திட்டுகளைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே இடம் தேர்வு செய்வது என்பதன் பொருள்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து மணல் இருபது முப்பது அடிக்குள் இருக்க வேண்டும், கல் ஏறி இறங்கக் கூடாது, பக்கத்தில் கழிப்பறை வேண்டும். அழகை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கையும் நானும் முடிவு செய்தோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் உடனே கழிந்தது. விசைப்படகுகளின் வண்ணத்துக்கு ஈடு இல்லைதான். ஆனால் விடியற்காலை ஏலத்தின்போது ஐஸ் தண்ணீரும் கூடைகளுமாக நகர இடம் இருக்காது, பட்டுப்புடவையோடு போய் மீனவர்கள் பிழைப்புக்குக் குறுக்கே நிற்பதும் முறையில்லை. திருவொற்றியூரில் மெட்ரோ நிலையக் கழிப்பறை கைகொடுக்கும். நாங்கள் பார்த்த இடத்தில் மணல் இருந்தது, ஆனால் அதற்குப் போகக் கற்களின் மேல் ஏற வேண்டியிருந்தது.

நெட்டுக்குப்பத்தில் கடலுக்குள் நீண்டு பாதியில் நிற்கும் பழைய பாலம் ஒன்று உண்டு. விடியலில் காமிராக்காரர்கள் அங்கே கூடுகிறார்கள். எங்கள் சின்னவன் அந்தத் தூண்களைப் பார்த்ததும் ஓடத் தொடங்கிவிட்டான். அலை அங்கே விளையாட்டுப் பொருள் அல்ல. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அந்த இடத்தை நான் சொல்லமாட்டேன்.

கடைசியில் அமைந்தது தாழங்குப்பம், கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் முகத்துவாரம். ஆட்டோ மணல் ஓரம் வரைக்கும் போகிறது. செயலியில் அழைத்த கார்கள் எண்ணூர் என்றதும் பயணத்தை ரத்து செய்துகொண்டே இருந்ததால், தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோவையே போகவர, காத்திருக்கப் பேசிக்கொண்டோம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தச் சாலையில் வண்டி ஓட்டப் பழகிய கை வேண்டும். கழிப்பறைக் கவலையை எண்ணூரில் இருக்கும் சித்தி வீடு தீர்த்தது.

புகைப்படக்காரராக வண்ணாரப்பேட்டையில் சின்னக் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் கிடைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு 8,000 ரூபாய், பாதி முன்பணம். சூரிய உதயத்தில் எடுக்கலாம் என்று நான் சொன்னதும் தலையை ஆட்டினார். "கிழக்கே கடல், கிழக்கே சூரியன். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகமெல்லாம் இருட்டு. சாயங்காலம் வெளிச்சம் மேற்கிலிருந்து நேராக முகத்தில் விழும், ஆயாவுக்கும் கண் கூசாது. சூரியன் நன்றாகச் சாய்ந்த பிறகு தொடங்கலாம்" என்றார். பொங்கலை ஒட்டிய நாட்களில் ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடுகிறது, நான்கரைக்கே போய்விட்டோம். பேக்கேஜ் விற்ற இடத்தில் இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

கரையில் ஃபைபர் படகுகள் ஏற்றி நிறுத்தியிருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவி, படகும் வலையும் கறுத்துப்போன ஊர் இது. அவர்கள் படகை நம் படத்துக்கு அலங்காரமாக வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். கையிலிருந்த நைலான் இழையைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என் காலைத்தான் பார்த்தார். "உட்காருங்கள் தம்பி, செருப்போடு மட்டும் ஏற வேண்டாம்" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஆயாவை அடையாளம் விசாரித்து, தண்டையார்பேட்டையில் எந்தத் தெரு, யார் வீட்டு மருமகள் என்று தொடங்கி, படப்பிடிப்பு கால் மணி நேரம் நின்றது. அந்தப் பேச்சுக்கு நடுவில் எடுத்த படங்களில்தான் ஆயா சிரிக்கிறார். மற்றதில் எல்லாம் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்ததுபோல இருக்கிறார்.

உடை விஷயத்தில் ஒரு வார்த்தை. எல்லோரும் ஒரே வெள்ளையில் வர வேண்டும் என்று தங்கை சொன்னதை ஆயா ஏற்கவில்லை, வெள்ளை எதற்கு என்று அரக்குப் பட்டு கட்டிக்கொண்டார். மணலுக்கும் சாம்பல் நிறக் கடலுக்கும் முன்னால் அதுதான் எடுப்பாக விழுந்திருக்கிறது.

சொன்ன தேதிக்கு முன்பே படங்கள் கைப்பேசிக்கு வந்தன. திறந்து பார்த்தால், ஆற்றுக்கு அப்பால் நின்ற அனல் மின் நிலையப் புகைபோக்கிகளைக் காணோம், அங்கே வெறும் வானம். அழகாக இருக்கட்டும் என்று அவரே கணினியில் அழித்திருந்தார். ஆயாதான் முதலில் கண்டுபிடித்து, "இது எந்த ஊர்?" என்று கேட்டார். தொலைபேசியில் சொன்னதும் இளைஞர் சிரித்துவிட்டு, மறுநாள் புகைபோக்கிகளோடு அனுப்பிவைத்தார். அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை.