அப்கிரேடுக்குப் பின் போஸ்ட்கிரெஸ் எழவில்லையா? டம்ப், காப்பி, லிங்க்: எது நமக்கு?

டாக்கர் கம்போஸ் கோப்பில் (கன்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கோப்பு) 15 என்றிருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரின் டேகை, அதாவது பதிப்பு எண்ணை, 16 என்று மாற்றி ஓடவிட்டால், கன்டெய்னர் எழுந்த வேகத்தில் விழுந்துவிடும். லாகில் 'டேட்டாபேஸ் ஃபைல்ஸ் ஆர் இன்கம்பாட்டிபிள் வித் சர்வர்' என்று இருக்கும். பதற வேண்டாம். டேட்டா டைரக்டரியில் பிஜி_வெர்ஷன் என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதில் 15 என்றிருப்பதைப் பார்த்ததுமே சர்வர் ஒதுங்கிக்கொண்டது. டேட்டா அப்படியேதான் இருக்கிறது. அந்த எண்ணைக் கையால் 16 என்று திருத்தும் விஷப்பரீட்சை மட்டும் கூடாது.

'அன்ரெகக்னைஸ்டு கான்ஃபிகரேஷன் பாராமீட்டர்' என்று வந்தால் அது வேறு கதை. பழைய கான்ஃபிக் கோப்பு அப்படியே வந்திருக்கிறது. 13-இல் வால்_கீப்_செக்மென்ட்ஸ் போய் வால்_கீப்_சைஸ் வந்தது, 15-இல் ஸ்டாட்ஸ்_டெம்ப்_டைரக்டரி போனது. வரியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

டேட்டாவையே மாற்றவேண்டும் என்றால்தான் யோசனை. டாக்கரில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு டம்ப்புக்கே. டேகை மறுபடி 15 ஆக்கி, பிஜி_டம்ப்ஆல் கொண்டு எல்லா டேட்டாவையும் எஸ்க்யூஎல் கோப்பாக எடுத்து, புது வால்யூமில் (டேட்டா இருக்கும் டாக்கர் சேமிப்பிடம்) 16-ஐ எழுப்பி அதில் ஏற்றுங்கள். பழைய வால்யூமை அழிக்காதவரை, எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம். இன்டெக்ஸ்கள் எல்லாம் புதிதாகக் கட்டப்படுவதும் ஒரு லாபம். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28-இல் எழுத்து வரிசை விதிகள் மாறியபோது, ஓஎஸ்ஸையும் சேர்த்து மாற்றியவர்களின் டெக்ஸ்ட் இன்டெக்ஸ்கள் சத்தமில்லாமல் கெட்டன. டம்ப் வழியில் வந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. குறை ஒன்றுதான்: நேரம். சில நூறு ஜிபி என்றால் மணிக்கணக்கில் சர்வரை நிறுத்திவைக்கவேண்டும்.

அங்கேதான், டம்ப் எடுக்காமல் டேட்டா கோப்புகளையே புதிய பதிப்புக்குக் கொண்டுபோகும் பிஜி_அப்கிரேடு வருகிறது. இதற்குப் பழைய, புதிய சர்வர்களின் பைனரிகள் (நிரல் கோப்புகள்) இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும். டெபியனில் இரண்டும் அருகருகே நிற்கும். அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் ஒரு பதிப்புதான் இருக்கும், அதனால் அங்கே இது தலைவலி. எதைச் செய்தாலும் முதலில் --செக் (எதையும் மாற்றாமல் சோதிக்க மட்டும்) போட்டுப் பாருங்கள். 18-க்குப் போகிறவர்கள் அங்கேயே மாட்டலாம்: புது டேட்டா டைரக்டரியை உருவாக்கும் இனிட்டிபி இப்போது, டேட்டா கெட்டிருக்கிறதா என்று காட்டும் செக்சம்மைத் தானாகவே இயக்கிவிடுகிறது, பழையதில் அது இல்லையென்றால் இரண்டும் ஒத்துப்போகாது.

சும்மா விட்டால் பிஜி_அப்கிரேடு காப்பி எடுக்கும். பாதுகாப்பானது, ஆனால் டிஸ்க்கில் இரண்டு மடங்கு இடம் கேட்கும். --லிங்க் போட்டால் ஹார்ட் லிங்க்தான் (நகல் எடுக்காமல் அதே கோப்புகளைப் பகிர்வது), பெரிய டேட்டாபேஸும் சில நிமிடங்களில் முடியலாம். ஆனால் புதிய சர்வரை ஒருமுறை எழுப்பிவிட்டால் பழையதை நம்பி ஓட்டமுடியாது. ரீஸ்டோர் செய்து சோதித்த பேக்கப் கையில் இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். இல்லையென்றால், இடத்தைக் கடன் வாங்கியாவது காப்பி எடுங்கள்.

அப்புறம், 18-க்கு முந்தைய பதிப்புகளில் பிஜி_அப்கிரேடு, குவரிகளுக்கு வேகமான வழியைத் தேர்ந்தெடுக்க உதவும் புள்ளிவிவரங்களைக் கொண்டுவராது. சர்வர் எழுந்ததும், அவற்றை மறுபடி திரட்ட வாக்யூம்டிபியை --அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ் கொடுத்து ஓட்டிவிடுங்கள். அதுவரை குவரிகள் நத்தையாக நகர்ந்தால் சர்வரைத் திட்டாதீர்கள்.